நடக்காத ஒன்றுக்கு லீவு

ஏழாம் நம்பர் காட்டில் பாமாயில் தரும் செம்பனைகள் நாற்பதடியைத் தொட்டுவிட்டன. அங்கே குலை வெட்ட, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அப்பளசாமி ஆள் பிடிக்கும் முறை எளிமையானது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் நெட்டையோ அவனுக்கே ஏழாம் நம்பர். மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழியை நிமிர்த்தி, மட்டைக்கு அடியில் கொடுத்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கை நீண்டவனுக்குக் கழி ஒரு முழம் குறைந்தாலும் போதும். கழி குறைந்தால் கனம் குறையும், ஒரு நாளைக்கு இருபது குலை கூடும்.

ஆயர் கெலாடி தோட்டத்தில் வள்ளியம்மாவின் வீட்டு ஆண்கள் அப்படித்தான் பேர் வாங்கினார்கள். புருஷன் ஆறடி இரண்டங்குலம். பெரிய மகன் அதற்கும் மேல். லயத்து வாசலில் குனிந்து நுழைந்து நுழைந்தே அவன் முதுகு கூன் விழுந்திருந்தது. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் சாலையில் உள்ள தோட்டங்களில் அவர்களைக் 'கொக்கி வீட்டார்' என்றால் தெரியும்.

எண்பத்தாறாம் ஆண்டு பிப்ரவரியில், மழையே இல்லாத ஒரு வாரத்தில், பெரிய மகன் பதினாலாவது குலையைக் கைவண்டியில் தூக்கிப் போட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "கிழியுது" என்றான். குலை ஏற்ற வந்த லோரியிலேயே அவனைப் போட்டுக்கொண்டு தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. அவனுக்கு வயது முப்பத்தாறு. அவன் அப்பன் அதேபோல் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் தோட்டத்து டிரெசர் கார்த்திகேசு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்கு வந்தார். மருந்துக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாகக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேச்சிலே அது போகவில்லை. வள்ளியம்மா கோப்பி கலக்கி வைத்தாள். நெத்திலி சம்பலின் காரம் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"செத்தவங்க பேரை எழுதி என்னங்கய்யா செய்யப் போறீங்க?"

"எழுதினாத்தான் அம்மா விளங்கும். புருஷனுக்கு அப்ப என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"நெஞ்சு வலி எண்டவரோ, முதுகு எண்டவரோ?"

"முதுகுதான். யாரோ துணியக் கிழிக்கிற மாதிரி இருக்குன்னாரு."

"மகனும் அப்பிடித்தான் சொன்னவன். ஹார்ட் அட்டாக் எண்டு எழுதிப் போட்டினம். எனக்கு மனசு ஒப்பேல்லை." அவர் நோட்டைப் புரட்டினார். "கோலாலம்பூரிலை ஒரு டாக்டர் இருக்கிறா. ரத்தக் குழாயை வெட்டாமல், ஊசி குத்தாமல், சத்தத்தை உள்ளுக்கு விட்டுப் படம் பிடிச்சு அளக்கிறா. நெட்டையான குடும்பங்களைத் தேடுறா. கடிதம் தாறன். அழகேசனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அழகேசன் இளைய மகன். இருபத்தெட்டு வயது. அண்ணன் செத்த ஒன்பதாம் நாளே அண்ணனுடைய மர நிரையை அப்பளசாமி அவனுக்குக் கொடுத்திருந்தார். அவன் வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழாம் நம்பர் முனிக்கு ரெண்டு வருஷமா பூசை போடல. அதுக்குப் படம் பிடிச்சு என்ன ஆகப்போவுது?"

"முனிக்கு நெட்டையன் மட்டும் எதுக்குடா வேணும்?" என்றாள் அக்கா நாகமணி. "குட்டையன் எத்தன பேரு அங்க குலை ஏத்துறான். ஒருத்தனையும் தொட்டதில்ல. அளவு பார்த்தா ஆள் எடுக்குது, அப்பளசாமி மாதிரி?"

டிரெசருக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீடு என்பதால் கோப்பியைக் குடித்து மறைத்தார்.

நாகமணி மருந்து அடிக்கிற கும்பலில் இருந்தாள். பதினெட்டு லிட்டர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, நிரைக்கு நிரை புல்லுக்கு விஷம் தெளிக்கிற வேலை. முப்பத்திரண்டு வயது. ஐந்தடி பதினோரு அங்குலம். அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது மூன்று பேர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாவதாக வந்த லோரி டிரைவர் செல்லன் மட்டும், "நான் வண்டியில உக்காந்துதானே இருக்கப் போறேன், உயரம் யாருக்குத் தெரியும்" என்று கட்டிக்கொண்டான். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளை அவர்களுக்கு. நாகமணி ஒரு நாளும் காய்ச்சலென்று படுத்தவள் இல்லை.

தம்பியைப் பேருந்தில் ஏற்ற அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அந்த அறை குளிராக இருந்தது. டாக்டர் ஹமீதா தமிழிலேயே பேசியது வள்ளியம்மாவுக்குத் தெம்பாகிவிட்டது. தஞ்சோங் காராங் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீனி முகம்மதுவின் மகள் என்று தெரிந்ததும், "உங்க வாப்பா கடை மீன் கொழம்பு இன்னும் நாக்குல நிக்குது" என்றாள்.

"வாப்பா இப்ப கடையில இல்லம்மா, தம்பிதான் பார்க்குது. கொழம்பு பழைய மாதிரி இல்லைன்னு எல்லாரும் ஏசுறாங்க" என்றபடியே டாக்டர் அழகேசனின் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு டிரெசர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார். "ரெண்டு பேர்தானா? பொம்பளைங்க யாரும் சின்ன வயசுல போகலியா?"

"இல்லீங்க. ஆம்பளைங்கதான். குலை வெட்டுறவங்க."

"உங்க வீட்டுக்காரரோட அக்கா தங்கச்சி?"

"ஒரு நாத்தனார் இருந்தா. அன்னம்மா. அது கணக்கில்லைங்க, பிள்ளப் பேறுல போனது. பெத்து மூணாம் நாள்."

"எப்படிப் போனாங்க?"

வள்ளியம்மா யோசித்தாள். "பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தா. முதுகு கிழியுதுன்னு சொல்லி..." பிரசவத்தில் போன பெண்ணை லயத்தில் யாரும் வேறு காரணம் கேட்பதில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் அந்த இரண்டு சாவுகளுக்குப் பக்கத்தில் இந்தச் சாவை வைத்துப் பார்த்ததே இல்லை.

அழகேசன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலைப் பார்த்தான். டாக்டரின் கையிலிருந்த கருவியையும் பசையையும் பார்த்தான். பிறகு சட்டையை மறுபடி எடுத்தான்.

"நாப்பதடி மரத்துக்குக் கீழ நிக்கிறவன், இதுக்குப் பயப்படுறான்" என்றாள் நாகமணி. "தள்ளுடா. நான் படுத்துக் காட்டுறேன். வலிச்சா கத்துறேன், நீ ஓடிரு."

திரையை இழுத்துவிட்டார்கள். அம்மாவும் தம்பியும் வெளியே நின்றார்கள். டாக்டர் ஏதோ பேசிக்கொண்டே தொடங்கினார், வயிறு நிறையச் சாப்பிட்டாயா, பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று. பிறகு பேச்சு நின்றது. ஒரு முறை அளந்தார். நாகமணியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி அளந்தார். மூன்றாம் முறைக்கு முன் தொலைபேசியில் லிம் என்பவரைக் கூப்பிட்டார்.

அக்காவுக்குப் பிறகு படுத்த அழகேசனுடைய அளவு மூன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அது சரியான அளவு. அவன் வெறும் நெட்டை, வேறொன்றும் இல்லை.

நாகமணியின் பெருந்தமனி, இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில், ஐந்து புள்ளி இரண்டு.

லிம் டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுப்பவர். பாலத்துக்கும் பாய்லருக்கும் போடும் கணக்கை ரத்தக் குழாய்க்குப் போட்டுப் பார்க்கிறவர். இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் குழாய் எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்பதை, கருவி துப்பிய நீளத் தாளில் அடிக்கோலால் அளந்தார். நல்ல குழாய் ரப்பர் போல விரியும். இவளுடையது அசையவே இல்லை. அவர் மலாயில் நிதானமாகச் சொன்னார். உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் எல்லாருக்கும் ஒன்றுதான். குழாய் அகலமாக ஆக, சுவர் தாங்க வேண்டிய பாரம் கூடும். சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கினால் அழுத்தமே இரண்டு பங்காகிவிடும். அப்போது உள் சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே வழி போட்டுக்கொண்டு போகும்.

வள்ளியம்மாவுக்கு விளங்கவில்லை. அழகேசனுக்குத்தான் விளங்கியது. கழி வாங்கும்போது அவன் பார்ப்பதெல்லாம் அதுதான்.

"ஓட்டை பெருசா, சுவரு மெல்லிசா இருந்தா அந்த மூங்கிலத் தொடவே மாட்டோம்" என்றான் மெல்ல. "வெளிய பார்க்க நல்லா தடியா, அழகா இருக்கும். இழுக்கிற இழுவையில நீளவாக்குல பிளந்துக்கும்."

லிம் அதை டாக்டரிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"எப்பன்னு சொல்லுங்க" என்றாள் நாகமணி.

"அத என்னால சொல்ல முடியாது. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் ஹமீதா. "இந்த மாதிரி அளந்து பார்த்தவங்க உலகத்துலயே கொஞ்சம் பேருதான். அகலம் கூடக் கூட ஆபத்து கூடுது, அது தெரியும். உங்க வீட்டுல மூணு பேர் போயிருக்காங்க, அதுவும் தெரியும். நாளைக்கே ஆகலாம். பத்து வருஷம் ஒன்னும் ஆகாம இருக்கலாம். பம்பு தூக்கக் கூடாது. இன்னொரு பிள்ளை வேணாம். தினம் மாத்திரை. ஆப்பரேஷன் செஞ்சு அந்தக் குழாயையே மாத்தலாம். பத்துப் பேருக்குச் செஞ்சா ஒருத்தர் மேசையிலேயே போயிடறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

திரும்பும் பேருந்தில் தம்பி அழுதான். நாகமணி ஜன்னலோரம் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள்.

செல்லனிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவன் சோற்றில் கெம்போங் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீ எங்க குலை வெட்டுன? அது அவுங்களுக்கு வர்ற நோவு."

"பம்பு பஞ்சுல செஞ்சதுன்னு நெனச்சீங்களா?"

"வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்பறம் என்னா நோவு அது? ஒன்னுமே இல்லாம?"

"ஒன்னும் இல்லாதப்பவே தெரிஞ்சுக்கிட்டோம். அதான் விஷயம்."

அவன் கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றான். அடுத்த வீட்டில் அதற்குள் பேச்சு ஆரம்பித்திருந்தது. கோலாலம்பூர் டாக்டர்களுக்குத் தோட்டத்து ஆள் என்றால் வெட்டிப் படிக்க உடம்பு என்றார்கள். நெஞ்சைத் திறந்து காட்டியவள் வீட்டுப் பெண்ணை நாளைக்கு யார் கட்டுவான் என்றும் ஒரு கிழவி கேட்டாள். நாகமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலுக்கே போய், "அடுத்த மாசம் இவளயும் அளக்கக் கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுல இவளக் கேட்டு யாராச்சும் வந்திருந்தா முன்னயே சொல்லிருங்க" என்றாள். பிள்ளைக்குப் பத்து வயது. கிழவி வெற்றிலையைத் தேடினாள்.

மறுநாள் பெரட்டு. விடிகிற நேரத்தில் ஆபீஸ் முன்னால் கும்பல் கும்பலாக நிற்பார்கள். மண்டோர் பேர் கூப்பிட்டு, அன்றைய கூலிக்குப் பேர் போட்டு, வேலைக்குப் பிரிப்பார். மருந்து அடிக்கிற மற்றப் பதினாலு பெண்களும் பம்பை எடுத்து மாட்டினார்கள். நாகமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரெசரும் கூடவே கடிதத்தோடு நின்றார்.

"பம்பத் தூக்கு" என்றார் அப்பளசாமி.

"தூக்க மாட்டேன். வேற வேல கொடுங்க. நர்சரியில கன்னுக்குப் புல்லு புடுங்குறேன்."

"அது காயம் பட்டவனுக்கு, கை கால் போனவனுக்கு. ஒனக்கு என்னா போச்சு?"

"இன்னும் போகல. போறதுக்கு முன்னாடி கேக்குறேன்."

"பம்பு தூக்கலன்னா பேர் போட முடியாது லா. நான் என்னா செய்றது?"

"போடாதீங்க. நான் நிக்கிறேன்."

அவள் நின்றாள். எல்லாரும் காட்டுக்குப் போன பிறகும், வெயில் ஆபீஸ் கூரைக்கு மேல் வரும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் மழை. குடை பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் அவள் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட அப்பளசாமிக்கு ஒரு இருமல் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் கும்பலில் ஒருத்தி, "மண்டோரே, வேலைக்கு ஒசரம் பார்த்துத்தானே ஆள் எடுப்பீங்க, ஒசரமான ஆளு சும்மா நிக்குதே" என்றாள். அவர் கேட்காத மாதிரி பென்சிலைச் சீவினார்.

ஒன்பதாம் நாள் துரையே ஜீப்பை நிறுத்தி இறங்கினார். இளைஞர். தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது. நோய் என்றால் காய்ச்சல், ரத்தம், உடைந்த எலும்பு. இந்தப் பெண் அவரை விட உயரமாக, நேராக நின்றாள். கடிதத்தில் ஒரு எண் மட்டும் இருந்தது.

"இன்னும் நடக்காத ஒன்றுக்குத் தோட்டம் எப்படி லீவு கொடுக்கும்?" என்று மலாயில் கேட்டார்.

நாகமணியும் மலாயிலேயே சொன்னாள்: "துவான், நடந்த பிறகு லீவு எனக்கு எதற்கு?"

பின்வரிசையில் ஒருத்தி தன் பம்பைத் தரையில் இறக்கினாள். தகரம் கல்லில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பதினாலு பேரில் ஆறு பேர் இறக்கினார்கள். மற்ற எட்டுப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாம் நம்பர் கும்பலிலிருந்து அழகேசன் கழியோடு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். கால் மணி நேரம் அப்படியே போனது. துரை கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆப்பரேஷன் ஆகிறவரை நர்சரி என்று அப்பளசாமியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைத் தட்டெழுத்தில் கொடுக்கும்வரை நாகமணி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆப்பரேஷனுக்கு நாகமணியை வரச் சொன்னார்கள். அளவு ஐந்து புள்ளி நான்கு ஆகியிருந்தது. மகளுடைய அளவு சரியாக இருந்தது. வருஷா வருஷம் கொண்டுவரச் சொன்னார்கள்.

நர்ஸ் சம்மதத் தாளைச் செல்லனிடம் நீட்டினாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். லயத்தில் நாலு மாதமாக அவன் காதில் ஓதியதெல்லாம் அவன் முகத்தில் இருந்தது.

"பத்துல ஒருத்தர் போயிருவாங்கன்னு அவுங்களே சொல்றாங்க, நாகு. இப்ப நல்லாத்தானே இருக்க. வலி வரட்டும். வந்த அன்னைக்கே தூக்கிட்டு ஓடி வர்றேன்."

"அண்ணனுக்கு வலி வந்துச்சு."

அவன் மடியிலிருந்த தாளைத் திருப்பிப் போட்டான்.

"நீங்கதானே லோரி ஓட்டுனீங்க. எவ்வளவு வேகமா ஓட்டுனீங்க?"

"நாப்பது மைல் அழுத்துனேன்" என்றான். "தோட்டத்துப் பாதையில, பின்னாடி குலையோட. அதுக்கு மேல அது ஓடாது."

"அதான் சொல்றேன். ஒங்க மேல தப்பு இல்ல. அதுக்கு மேல எந்த லோரியும் ஓடாது."

செல்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் பேனா கேட்டான். நாகமணி அதைக் குறுக்கே வாங்கினாள். "மொதல்ல நான். என் நெஞ்சு." கணவன் கையெழுத்துக்கென்று போட்டிருந்த கோட்டுக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், தமிழில் தன் பேரை முழுதாக எழுதினாள். பிறகு அவனிடம் கொடுத்தாள்.

ஆறு மணி நேரம் ஆனது. வீங்கிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, நெய்த குழாய் ஒன்றையும் அதன் அடியில், இதயம் அடிக்க அடிக்க மூடித் திறக்கும் உலோக வால்வு ஒன்றையும் தைத்தார்கள். நான்காம் நாள் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் யாரும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. வள்ளியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். பிறகு காய்ச்சல் விட்டது.

வெட்டியெடுத்த துண்டை டாக்டர் ஹமீதா பார்த்திருந்தார். சுவர் மெலிந்திருந்தது, கிழிசல் எதுவும் இல்லை. எப்போது கிழிந்திருக்கும் என்று நாகமணி மறுபடியும் கேட்டாள். தெரியாது என்றே அவர் மறுபடியும் சொன்னார்.

இது லயத்துக்கு வசதியாகப் போயிற்று. தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். "கிழியவே இல்லையாம்ல. அப்ப சும்மாத்தானே நெஞ்சப் பொளந்திருக்காங்க? அப்படியே விட்டிருந்தா நூறு வயசு இருந்திருப்பா." மாதம் ஒரு முறை ரத்தம் சோதிக்கக் கோலாலம்பூர் போக வேண்டும், வாழ்நாள் முழுக்க மாத்திரை, அடிபட்டால் ரத்தம் நிற்காது. இதெல்லாம் அவர்கள் பக்கத்துக்குச் சாட்சியானது.

நாகமணி வாளியைப் பாதி மட்டும் நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுல மூணு பேரு செத்து நிரூபிச்சுட்டாங்க. நாலாவதா நான் எதுக்கு?" என்றாள். பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மீதிப் பாதிக்கு மறுபடி வந்தாள், பேச்சு நின்றிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் சேர்த்து.

எண்பத்தேழு ஜனவரி. வாய்க்கால்கள் நிரம்பி வழிந்து, ஏழாம் நம்பர் காட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நாகமணி பெரட்டுக்கு வந்தாள். ஆப்பரேஷன் ஆகிறவரை நர்சரி என்றுதான் துரை எழுதிக் கொடுத்திருந்தார். ஆப்பரேஷன் ஆகிவிட்டது. இனி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவும் வரவில்லை. பம்புகள் வரிசையாகத் தரையில் இருந்தன. மெலிந்திருந்தாள். ரவிக்கையின் கழுத்துக்கு மேல் தழும்பின் நுனி தெரிந்தது. அதை அவள் முந்தானையால் மூடவில்லை.

அப்பளசாமி பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் பேருக்கு வந்ததும் நின்றார். அவளைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். கும்பல் பேச்சை நிறுத்தியது. மழையும் அந்த நேரம் ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் டிக், டிக் என்று சின்னதாக, சீராக ஒரு சத்தம் கேட்டது. அப்பளசாமி இடது கையைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"உங்க கைக்கடிகாரம் இல்ல, மண்டோரே" என்றாள் நாகமணி. "நர்சரி. பேர் போடுங்க."